அ என்பவர்

கறுப்புக் கோட்டு ஷிஜியுடையது.
தோள் எனக்கு இரண்டு விரல் அதிகம்,
உள்ளே ஊக்கு குத்தியிருக்கிறேன்.
நாகர்கோவில். செமினார் ஹாலில் மாதிரி நீதிமன்றம்.
மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றுகிறது,
அதுவும் நீதிபதிகளுக்கு மேலே.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது எதிர்மனுதாரர்:
காப்பீட்டு நிறுவனம்.

வழக்குத் தாள் இப்படித் தொடங்கும்:
“அ என்பவர் மீன்பிடிக்கச் சென்றார். திரும்பவில்லை.
நான்கு ஆண்டுகள் கழிந்தன.”
அவர் மனைவியின் பெயர் ஆ.
சாவைப் பற்றிய வழக்குக்கு
உயிரெழுத்தாகப் பார்த்துப் பெயர் வைத்திருந்தார்கள்.

குளச்சலில், எங்கள் தெருவில், அ-வின் பெயர் ததேயுஸ்.
ஆ-வின் பெயர் மரிய புளோரி.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.
தாளில் இல்லாத சங்கதியைப் பேசினால்
மதிப்பெண் குறையும்.

மூன்று வாரம் பயிற்சி.
“சத்தத்தைக் குறை, இங்கே அலை கிடையாது,” என்றான் அஜின் ராஜ்.
“‘நான் நினைக்கிறேன்’ வேண்டாம், ‘பணிந்து சமர்ப்பிக்கிறேன்’.
நீதிபதி வாய் திறந்தால்
பாதி வார்த்தையானாலும் நிறுத்து.”
குளியலறையில் பிளாஸ்டிக் வாளியிடம்
பணிந்து சமர்ப்பித்தேன்.
வாளி குறுக்கிட்டதே இல்லை.

நான்காம் நிமிடம்.
குழித்துறை வக்கீல் ஒருவர், இன்றைக்கு நீதிபதி,
கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்:
“நாலு வருஷம் கடலில் ஒருத்தன் உயிரோடு இருப்பானா, கவுன்சல்?”

முதலில் பொங்கி வந்தது வீட்டுப் பேச்சு.
விழுங்கினேன்.
“கனம் நீதிமன்றமே, கேள்வி கடலைப் பற்றியதல்ல.
ஏழு ஆண்டு ஒரு தகவலும் இல்லையென்றால்தான்
சட்டம் ஒருவரை இறந்தவராகக் கொள்ளும்.
இன்னும் மூன்று ஆண்டு பாக்கி.
அதற்கு முன் இறந்தார் என்பவர் அதை நிரூபிக்கட்டும்.
உடல் இல்லை. படகு இல்லை. கண்டவர் இல்லை.
ஆகவே அ உயிரோடிருப்பதாகவே கொள்ள வேண்டும்.”

வக்கீல் தலையாட்டினார்.
இந்த நாலு வருஷத்தில்
ததேயுஸை இத்தனை உறுதியாக யாரும் உயிரோடு வைத்ததில்லை,
புளோரி மைனிகூட.
கேட்டால் சந்தோஷப்படுவாளோ?
அரிசிக்கடைப் பாக்கியை எந்தப் பிரிவில் கட்டுவாள்?
மணி அடித்தது.
என்னிடம் இன்னும் ஒரு வாக்கியம் இருந்தது.

வென்றோம்.
சட்டம் எட்டரை. குரல் எட்டு.
கீழே பச்சை மையில்: “கடைசியில் ஏன் தயங்கினீர்?”

குளச்சல் பஸ். ஜன்னலோரம். கோட்டு மடியில்.
சுங்கான்கடை தாண்டியதும் உதடு தானாகத் தொடங்கியது:
கனம் நீதிமன்றமே, மனுதாரர் தரப்பில்.
புயலுக்குத் தேதி உண்டு.
அன்றைக்குத் தப்பி வந்த வள்ளங்கள் உண்டு.
கரையில் ஒதுங்கிய மண்ணெண்ணெய்க் கேன் உண்டு,
அதில் பெயின்டால் எழுதிய நம்பர் உண்டு.
ஏழு ஆண்டு வரை காத்திருக்கச் சொல்வது சட்டமல்ல,
சாட்சியம் இருக்கும்போது. மேலும்
ஆ என்பவருக்கு

“ஆருட்ட மக்களே பறையுத?”
திங்கள்சந்தையில் கண்டக்டர் குனிந்து கேட்டார்.

நிறுத்தினேன்.
குளச்சலுக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர்.
மறுவாதத்துக்கு அவ்வளவு நேரம்
எந்தக் கோர்ட்டும் தராது.