அடிக்குறிப்பு 27

கல்யாண மண்டபம்தான் கிடைத்ததாம்.
மேடையில் வருவாய் அலுவலர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர்,
சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில்கள் பன்னிரண்டு.
பின்சுவரில் போன முகூர்த்தத்தின் தெர்மகோல் எழுத்துகளில்
'வெட்ஸ்' மட்டும் உதிராமல் நிற்கிறது.

சின்னவேடனஅள்ளி, புல எண் 214/2.
நாலரை ஹெக்டேர். பல வண்ண கிரானைட்.
பொதுமக்கள் கருத்துக் கேட்பு.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
என் டோக்கன் முப்பத்தொன்று.

முதலில் எழுந்தவன் வேடியப்பன், குவாரியின் வழக்கறிஞர்.
சுற்றுச்சூழல் சட்டத்தில் என்னிடம் எண்பத்தாறு வாங்கியவன்.
மூலத்தோடு ஒப்பிடாமல் மேற்கோள் காட்டாதே என்று
வகுப்பில் நான் திட்டியதை மறக்கவில்லை.
"முனைவர் தி. சென்னம்மாள் அவர்களின் ஆய்வேடு,
பக்கம் நூற்று நாற்பத்து மூன்று, அடிக்குறிப்பு இருபத்தேழு:
குவாரிப் பள்ளங்களுக்கும், குடிநீரில் ஃபுளோரைடு கூடுவதற்கும்
உள்ள தொடர்பு ஐயமற நிறுவப்படவில்லை."
சரியாகத்தான் வாசித்தான்.
காற்புள்ளியில் நின்று, மூச்சு விட்டு.

எழுதிய இரவு ஞாபகம் இருக்கிறது.
ஆய்வேடு இரண்டாம் முறையாகத் திரும்பி வந்திருந்தது.
ஓரத்தில் பென்சில்: 'உணர்ச்சி அதிகம். ஆதாரம்?'
ஆதாரம் எழுபத்திரண்டு போர்வெல்கள்.
பழைய சோடா பாட்டில்களில் பிடித்து
பாலக்கோடு டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு
மூடி கழன்று புடவை நனைந்து
தருமபுரியில் இறங்கி லேபுக்கு நடந்தது.
எழுபத்து மூன்றாவதை நான் எடுக்கவில்லை.
அது எங்கள் வீட்டுக் கிணறு.
சேர்த்தால் சார்பு என்பார்கள்.

ஒரு வரியைக் கீழே சின்ன எழுத்தில் சேர்த்தேன்.
பட்டம் வந்தது. பட்டம் வேலையைக் கொண்டுவந்தது.
வேலை, பத்தொன்பது வருடச் சாக்பீஸ் தூளைக் கொண்டுவந்தது:
பிரிவு இருபத்தொன்று, உயிர் வாழும் உரிமை,
அதற்குள் தூய நீர் என்று எழுதுவேன்,
மணி அடித்ததும் அழிப்பேன்.
ஜெனீவாவில் ஒரு கருத்தரங்கு.
குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம் என்றார்கள்.
குடித்தேன். அதில் ஊரே இல்லை.
குழுப்படத்தில் எல்லோரும் சிரிக்க, நான் உதட்டை மூடிக்கொண்டேன்.
எந்தப் படத்திலும் அப்படித்தான்.
மேடம் கண்டிப்பு என்று மாணவர்கள் சொல்வார்கள்.
சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

டோக்கன் பத்தொன்பது, மாதம்மாள்.
என்னோடு ஆறாம் வகுப்பு படித்தவள்.
முட்டி மடங்காமல் பக்கவாட்டில் நடந்து மைக்கைப் பிடிக்கிறாள்.
"குவாரிக்கு முன்ன எரநூறு அடியில தண்ணி.
இப்ப எண்ணூறு. போகப்போக கெட்டது தாங்க வருது.
வக்கீல் தம்பி ஐயம் ஐயம்னாரே,
அத எங்களுக்குக் கொஞ்சம் போடுங்களேன்."

மண்டபம் சிரிக்கிறது.
ஐயத்துக்குப் பிச்சை என்றும் பொருள் உண்டு.
உறுதி தெரியாதபோது அந்த ஐயத்தின் பலனை
யார் வாசலில் இட வேண்டும் என்பதைத்தானே
முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று
ஒரு பருவம் முழுக்க நடத்துகிறேன்,
உள்மதிப்பீட்டுக்கு இருபத்தைந்து மதிப்பெண் வைத்து.

முப்பத்தொன்று.

"பெயர் சென்னம்மாள். புல எண் 209.
முனைவர் என்று எழுத வேண்டாம்."
வேடியப்பன் பேனாவை மூடுகிறான்.
"அந்த வரி என்னுடையதுதான். பொய் இல்லை.
எடுக்காமல் விட்ட ஒரு கிணற்றை
இன்று பதிவில் சேர்க்கக் கேட்கிறேன்."

பிறகு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
வாயைத் திறந்தேன்.
அகலமாக, பல் வைத்தியரிடம் காட்டுவதுபோல:
பழுப்புப் பட்டைகள், குழிகள்,
ஆறு வயதில் முளைத்தபோதே எழுதி முடிந்தது.
முன்வரிசையில் ஒரு குழந்தை தன் பல்லைத் தொட்டுப் பார்த்தது.

குறிப்பெடுக்கும் எழுத்தர் நிமிர்ந்தார்.
"மேடம், இத எப்படி எழுதறது?"

இன்னும் ஒன்றரை நிமிடம் இருக்கிறது என்றார்கள்.