முப்பதுக்கு இரண்டு

காலை எட்டேகாலுக்கு
சமாதானபுரம் மாடிவீட்டுப் பூட்டைத் திறக்கிறேன்.
சைரன் கீழேயே நின்றுவிட்டது.
காதுக்குள் இருந்தது மட்டும்
படியேறி என்னோடு வந்தது.

பையில் ஒரு கையுறை.
ஆறரை சைஸ்,
ஐந்து விரலிலும் ஆவாரம்பூ.
முக்கூடல் வரை வரச்சொல்லி அழைத்தவர்கள்
நாங்கள் போய்ச் சேருமுன் ஆட்டோவில் கிளம்பியிருந்தார்கள்.
காலி வண்டி. விடிகிற நேரம்.
பூலுடையார் அண்ணன் ஓரங்கட்டி இறங்கினார்.
"தூக்கம் வரமாட்டேங்குன்னு சொன்னியள்லா,
இதப் பால்ல போட்டுக் குடிச்சுப் பாருங்க.
எங்க வீட்ல குடிக்கா.
படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா."
போட்டுக்கொள்ள வேறு பை இல்லை.

போன வாரம் செம்பருத்தியில் தொடங்கினேன்.
மொபைலில் ஒருத்தி
கண்ணாடிக் குவளையைத் தூக்கிக் காட்டி
லாட்டே என்றாள்.
ரோஸ்லின் டீச்சரிடம் கேட்டுப் பறித்த நாலு பூ.
சிவந்த நீரில் பாலை விட்டதும்
திரிந்து போயிற்று,
நனைந்த பஞ்சு போல.
புளிப்புள்ள பூ பாலோடு சேராதென்று
அவள் சொல்லவில்லை.
கெமிஸ்ட்ரியில் எழுபத்தெட்டு வாங்கிய நானும்
யோசிக்கவில்லை.

இன்று மஞ்சள்.
காம்பு கிள்ளி, எறும்பை உதறி,
ஒரு டம்ளர் தண்ணீரில்.
தாமிரபரணிதான்,
குழாய் வழியே, குளோரின் வாசத்தோடு.
கொதித்ததும் மூடி வைத்தேன்.
திறந்தால் காயாத வைக்கோல் மணம்,
பிறகு கொஞ்சம் தேன்,
பிறகு பெயர் தெரியாத ஒன்று.
ஜங்ஷன் பூக்கடையில்
வாடிப்போச்சென்று சும்மா கொடுத்த பன்னீர் ரோஜா,
இதழ் ஆறோ ஏழோ.
துருவியின் மூலையில் ஜாதிக்காய் இரண்டு இழுப்பு.
அது குற்றாலத்தில் வாங்கியது.
அந்த வருஷம் அருவியில் தண்ணீர் இல்லை,
ஜாதிக்காயைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.
பால் அரை டம்ளர்.
அடுப்பை அணைத்த பிறகே கருப்பட்டி.
ஒரு தடவை திரிந்ததைப் பார்த்தவளுக்கு
எல்லாவற்றிலும் பயம்.

நுரைக்க மெஷின் கிடையாது.
இரண்டு எவர்சில்வர் டம்ளர்.
தூக்கி ஆற்றுகிறேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
யாரும் எண்ணச் சொல்லவில்லை,
கை எண்ணுகிறது.
முப்பதில் தானாக நின்று
இரண்டு மூச்சுக்கு இடம் விட்டது.
மறுபடி ஒன்று.

கல்லூரில் ஏற்றியவருக்கு
ஐம்பது வயது இருக்கும்.
வாட்சைக் கழற்றாமலே தூங்கியிருக்கிறார்.
பேட்டையிலிருந்து ஹைகிரவுண்டு வரை
பாலத்தில் குலுங்கியபோதும் விடவில்லை,
முப்பதுக்கு இரண்டு, முப்பதுக்கு இரண்டு.
கேஷுவாலிட்டியில் கைமாறினார்.
நான் எழுதிக் கொடுத்தது நேரம் மட்டும்,
மூன்று நாற்பத்திரண்டு.
கதவு இரண்டு தடவை ஆடி நின்றது.
நாங்கள் வண்டியைக் கழுவப் போனோம்.

பாலை ஆற்றலாம்.
புண்ணை ஆற்றலாம்.
இந்தக் கையை
எந்த டம்ளரிலிருந்து எந்த டம்ளருக்கு?

நான்காவது முப்பதில் நுரை எழுந்தது,
மொபைல்காரிக்கு எழுந்ததைவிட
ஒரு விரற்கடை கூடுதலாக.
ரோஜா இதழ் ஒன்று மேலே,
மூழ்கவும் இல்லை, ஓரம் சேரவும் இல்லை.
ஒரு மடக்கு.
முதலில் கசப்பு,
பின்னால் வந்து கருப்பட்டி சமாளித்தது.
கொஞ்சம் ஆறட்டுமென்று
கட்டிலோரம் வைத்தேன்.

கண் திறந்தபோது
மணி மூன்று இருபது. பகல்.
கீழே டீச்சர் வீட்டு மிக்ஸி.
டம்ளரில் பால்
தன்மேல் ஆடையை இழுத்துப் போர்த்தியிருந்தது.
விளிம்பைச் சுற்றி ஓர் எறும்பு,
காலையில் உதறியதாகவும் இருக்கலாம்.

சுட வைக்கவில்லை.
விரலால் ஆடையை ஒதுக்கி
அப்படியே குடித்தேன்.

போனில் பூலுடையார் அண்ணனின்
மிஸ்டு கால் இரண்டு.
டம்ளரைக் கழுவிவிட்டுக்
கூப்பிட வேண்டும்.