முப்பது செக்கன் உவர்

குரல்பதிவு ஒரு நிமிசம் பத்தொன்பது செக்கன்.
இருமலோடு தொடங்கும்.
"காத்தாடி நட்ட நாள் தொடக்கம்
முகில் இந்தப் பக்கம் எட்டியும் பார்க்கேல்லை.
வெப்பமாம், கடலேற்றமாம்,
உதெல்லாம் வெள்ளைக்காரன்ர வியாபாரம்."
ஒரு பெருமூச்சு. பிறகு,
"பத்துப் பேருக்கு அனுப்புங்கோ."

நாற்பது தரம் கேட்டிருப்பேன்.
அந்த இருமலுக்கு முன்னால்
என் வரைபடம் தோற்றது.
சிவப்புக் கோடு, நீலக் கோடு, அடிக்குறிப்பு.
பார்த்தது பதினொரு பேர்,
அதில் நாலு பேர் நாங்கள்.

கஸ்தூரியார் வீதி,
போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல்மாடி.
மின்விசிறி சுற்றுவது பேருக்கு.
டிலுக்சன் சொன்னான்:
"அக்கா, கோட்டுக்கு முகம் இல்லை.
சனம் முகத்தைத்தான் பாக்கும்."

வேலணை, அராலி, ஊர்காவற்றுறை.
ஒரு கிணற்றுக்கு ஒரு ஆள், ஒரு மிடறு.
கமரா முகத்தில் மட்டும்.
கண் சுருங்கும், மேலுதடு ஏறும்,
வாய்க்குள் நாக்கு ஒதுங்க இடம் தேடும்.
பிறகு ஒரு வசனம்: எந்த வருசம் தொடக்கம்.
பின்னணி இசை இல்லை.
துப்புகிற சத்தம் இருக்கும்.

அல்போன்சா ரீச்சர் துப்பமாட்டேன் என்றார்.
விழுங்கிவிட்டுக் கமராவை முறைத்தார்.
அந்த முறைப்பு
இரவோடு இரவாக லண்டன் போய்த் திரும்பியது.
அராலிச் செல்வநாயகி முகம் சுளிக்கவே இல்லை.
"எப்ப தொடங்கினதெண்டு தெரியாது,
பழகிட்டுது" என்றார்.
அவரைத்தான் முதலில் போட்டோம்.

சண்டை வந்தது கடைசி வரியில்.
"கடல் மட்டும் காரணமில்லை,
மோட்டர் பூட்டி நாங்கள் இறைத்ததும்தான்."
எழுதியது நான்.
"முப்பது செக்கனுக்குள்ள அடங்காது அக்கா.
ஏன் வாயைக் குடுத்து மாட்டுவான்?
கடலையே குற்றவாளியாக்குவம்,
அது வழக்குப் போடாது."
சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.
வெட்டினால் வீடியோ பறக்கும்.
வெட்டினால்
இருமல்காரருக்கும் எனக்கும் இடையில்
ஒரேயொரு வித்தியாசம்தான் மிஞ்சும்:
எனக்குத் தடிமன் இல்லை.

முப்பத்தாறு செக்கன்.

மூன்றாம் நாள் வேறொரு குரல் உலாவந்தது.
"உது நடிப்பு. தேசிக்காய் பிழிஞ்சு குடுத்திருக்கினம்."
டிலுக்சன் மேசையில் தலையை வைத்தான்.
கோபிதா மட்டும் எழும்பிப் போய்
ஒரு தேசிக்காய் வாங்கிவந்தாள்.
வெட்டாமல், பிழியாமல்
கிணற்றுக்கட்டில் இருத்திப் படமெடுத்தாள்.
கீழே எழுதினாள்:
"சந்தேகநபர். வாக்குமூலம் இன்னும் பதியப்படவில்லை."
எங்களை ஊருக்குத் தெரிந்தது
அந்தத் தேசிக்காயால்தான்,
உண்மையால் அல்ல. இதையும் சொல்லவேண்டும்.

ஒரு விடியப்புறம், இருமலோடு,
என் இலக்கத்துக்கே வந்தது.
பின்னால் ஸ்காபரோவில் யாரோ பனி வழிக்கிற சத்தம்.
அதே குரல்.
பேச்சு விழப்போகிறது என்று
போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.
"பிள்ளை, மூண்டாவதா வாற கிணறு,
தூணில வெடிப்பு இருக்கெல்லே,
அது வேலணையில எங்கட வளவு.
தொண்ணூறில வெளிக்கிடேக்க
ரண்டு போத்தில் நிரப்பிக்கொண்டு போனனாங்கள்.
இப்ப எவ்வளவு உப்பு?"

காத்தாடியைப் பற்றி ஒரு சொல் இல்லை.
மன்னிப்பு இல்லை.
நானும் வரைபடம் அனுப்பவில்லை.
மானி காட்டிய எண்ணை மட்டும் எழுதினேன்:
ஐயாயிரத்து முந்நூறு.
யோசித்துவிட்டு, கீழே,
என் மேசையில் இருந்த கடைத் தண்ணிப் போத்தலின் எண்:
எண்பது.

இரண்டு நீலச் சரிக்குறி.
தட்டச்சிடுகிறார்.
நிற்கிறது.
தட்டச்சிடுகிறார்.
நிற்கிறது.

அவருடைய பழைய பதிவு
இன்று காலையும் சுன்னாகத்து வெங்காயக்காரர் குழுவில்
புதிதுபோல் வந்து கிடந்தது.
முந்நூற்றுப் பதினேழு பேர்.
கதவைச் சாத்திவிட்டு
இருமலிலிருந்து திரும்பக் கேட்கிறேன்.