பதினோராவது பட்டை

கெமி காகித ஆலை, நான்காம் மேடை.
விடிந்துவிட்டதென்று கடிகாரம் மட்டுமே சொல்லும் மாதம்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.

நின்றவாக்கில் உருளைகள்,
ஒவ்வொன்றும் இரண்டு டன்,
ஓர் எழுத்தும் விழாத வெள்ளை.
டிரெய்லர் தரையில் பூத்திருந்த உறைபனியைச்
சுரண்டித் தள்ளினேன். ரப்பர் பாய் விரித்தேன்.
ஃபோர்க்லிஃப்டின் கவ்வி அவற்றைக் குலுங்காமல் இறக்கியது.
இதுவரை என்மேல் குற்றமில்லை.

கட்டப் பதினோரு பட்டைகள்.
பதினோராவதின் ஓரத்தில் ஒரு கீறல்,
நகக்கண் அளவு.
குப்பையில் போட்டேன். அதுவும் சரிதான்.
புதியது கிடங்கின் மறுகோடியில் தொங்கியது.
ஷிப்ட் முடிய ஆறு நிமிடம்.

ராய்வோ, எஸ்தோனியாக்கார டிரைவர்,
கையுறையைக் கழற்றிவிட்டு
ஒவ்வொரு பட்டையாகச் சுண்டிக்கொண்டே வந்தான்.
இறுகிய பட்டை 'ம்ம்' என்னும்.
கடைசி இடத்தில் அவன் விரல்
காற்றைச் சுண்டியது.
என்னைப் பார்த்தான்.
எங்கள் இருவருக்கும் பொதுவாக
நாற்பது வார்த்தை தேறும்.
அதில் ஒன்றைச் சொன்னேன்:
போதும்.

அவன் கையெழுத்துப் போட்டான்.
நானும்.

ஓவ்லு சாலையில், சீமோ தாண்டி,
குறுக்கே பனிமான்.
லாரி நின்றது. சரக்கு நிற்கவில்லை.
பக்கத்திரையைக் கிழித்துக்கொண்டு விழுந்த ஓர் உருளை
எதிர்த்தடத்தைக் கடந்து வயலில் இறங்கி
தன்னைத்தானே பிரித்துக்கொண்டே போயிருக்கிறது.
அஞ்சல் வேன் ஓட்டி வந்தவள் பள்ளத்தில் பாய்ந்து
தோளெலும்போடு தப்பினாள்.

புகைப்படத்தைக் காட்டினார்கள்.
பனி எங்கே முடிகிறது,
காகிதம் எங்கே தொடங்குகிறது, தெரியவில்லை.
இரண்டின் மேலும் ஒரே மானின் குளம்படி.

எங்கள் வக்கீல் சொல்கிறார்:
கண்ணுக்குத் தெரிந்த குறை, ஓட்டியவன் பொறுப்பு.
அவர்கள் வக்கீல்: கட்டியவள் பொறுப்பு.
படிவத்தில் 'தேவை' என்ற கட்டத்தில் பதினொன்று,
'கட்டியது' என்ற கட்டத்தில் பத்து.
இரண்டும் என் எழுத்து.
எனக்கு எண்ணத் தெரியாதென்று யாரும் சொல்ல முடியாது.

விசாரணைக்கு வந்த பாசோனென்
ராய்வோ சொன்னதை வாசித்தார்:
"நான் பார்த்தேன். பார்த்தும் கிளம்பினேன்."
அவ்வளவுதான். என் வார்த்தையை
அவன் எங்கும் சொல்லியிருக்கவில்லை.
நாற்பதில் அது அவனுக்கு
மறந்திருக்கவும் வழியில்லை.

போதும், என்று பாசோனென்
பேனாவை மூடப் போனார்.

போதாது, என்றேன்.