கொடிப்பெட்டி

நாற்பது கொடிகள் என் பொறுப்பில்.
உப்புக் காற்றில் ஓரம் பிரிந்தால்
தைப்பதும் நான், மடிப்பதும் நான்.
கப்பலில் தீ என்று சொல்ல ஒன்று,
வைத்தியர் வேண்டும் என்பதற்கு ஒன்று,
துறைமுக வழிகாட்டி வேண்டும் என்பதற்கு ஒன்று.
சம்பளத்தை அறுத்துவிட்டார்கள் என்று சொல்ல
யாரும் ஒன்றும் தைத்திருக்கவில்லை.

நூற்றுக்குப் பதினேழு.
தந்தியில் வந்ததை வெனாஸ்தான் முதலில் படித்தான்.
கொதிகலன் அறைக்கு இறங்கி
டச்சில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை சொன்னான்.
துராஹெம் கரிவாரியைக் கீழே வைத்தான்.
கோஷம் எதுவும் இல்லை.
இரண்டு வருஷத்தில்
அந்த வாரி தரையில் கிடந்து நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை இரவு. அதிகாரிகள்
ஆச்சே கரையில் நடனமாடப் போயிருந்தார்கள்.
நங்கூரம் ஏறிய சங்கிலிச் சத்தத்தில்
மீன்கூட விழித்திருக்கும்.
கரையில் வயலின் நிற்கவில்லை.

சுரபாயாவுக்கு, என்றோம். வேறெங்கே போவது?
அரிசிக் கடன் அங்கே. சுமினா அங்கே.
கடிதத்தில் மட்டும் நான் பார்த்த,
என் மகளின் முதல் பல் அங்கே.

இடப்பக்கம் சுமத்ரா நீலமாகக் கூடவே வந்தது.
வரி கட்டாத ஊர்களை மிரட்டிய பீரங்கிகளின் மேல்
சட்டைகளைக் காயப்போட்டோம்.
யெல்லே என்ற வெள்ளைக்கார மெக்கானிக்
எங்களோடு உட்கார்ந்து கடலை கொறித்தான்.
அவனுக்கு வெட்டு பதினான்குதான்.
"மூன்று குறைவு, மன்னித்துவிடுங்கள்" என்றான்.
கப்பல் குலுங்கச் சிரித்தோம்.

லட்டுபெய்ரிஸ்ஸா மட்டும் சிரிக்கவில்லை.
அவன் அப்பா ராணியின் பதக்கம் வாங்கியவர்.
இரண்டு நாள் கயிற்றுக் குவியல் மேல்
யாரிடமும் பேசாமல் கிடந்தான்.
மூன்றாம் இரவு, மழை,
பாறை எது அலை எது என்று தெரியாத நேரம்,
எழுந்து வந்து சுக்கானைப் பிடித்தான்.
"தள்ளு" என்றான் என்னை. அவ்வளவுதான்.
விடியும்வரை கையெடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, சுந்தா நீரிணை.
விமானம் முதலில் ஒரு கொசுவின் அளவு.
சரணடையப் பத்து நிமிஷம் என்றது வானொலி.
நான் பெட்டியைத் திறந்தேன்.
எதை ஏற்றுவது?
அவசரத்தில் கைக்கு வந்தது
வழிகாட்டி வேண்டும் என்ற கொடி.
அதையே ஏற்றினேன்.
பொய் இல்லை அது.

வெயிலுக்குக் கட்டிய துணிப்பந்தலின் கீழ்
துராஹெம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.
பந்தலில் விழுந்தது குண்டு.

பிறகு நெடுநேரம்
என் காதில் வயலின் மாதிரி ஏதோ ஒன்று.

போர்த்த வேறு துணி இல்லை.
பத்தொன்பது பேர், பத்தொன்பது கொடிகள்.
துராஹெமுக்குக் கிடைத்தது
வைத்தியர் வேண்டும்.
லட்டுபெய்ரிஸ்ஸாவுக்கு எது என்று நினைவில்லை,
சிவப்பு இருந்தது அதில்,
எது துணியின் சிவப்பு என்று பார்க்கவில்லை.
மூடியபடியே படகில் ஏற்றி
ஏதோ ஒரு தீவுக்குக் கொண்டுபோனார்கள்.
எந்தத் தீவு என்று சொல்லவில்லை.

நீதிமன்றத்தில் ஒரு குமாஸ்தா,
மூக்குக்கண்ணாடி, சுத்தமான நகங்கள்,
பட்டியலைப் படித்தார்:
அரசாங்க உடைமை, சமிக்ஞைக் கொடி, பத்தொன்பது,
காணவில்லை.
விலை போட்டார். கூட்டினார்.
யார் சம்பளத்தில் பிடிப்பது என்று
என்னை நிமிர்ந்து பார்த்தார்.
ஒன்பது வருஷத் தண்டனை என்று
பக்கத்திலிருந்தவர் காதில் சொல்ல,
ஓ, என்றார்,
பேனாவை மூடினார்.