புளிச் சாடி

ஆறு, பத்து, ரெண்டு, மறுபடி ஆறு.
அலாரம் என் போனில்தான் அடிக்கும்.
சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முந்தியே மாத்திரை போட வேணும்,
பருப்போடு போனால் வேலை செய்யாது
என்று எழுதியே கொடுத்தார் ஈரோட்டு டாக்டர்.
அரிசிம்பருப்புச் சோற்றை மூடி வைத்துவிட்டுக்
கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற வீடாகிவிட்டோம்.

இன்னொன்றும் சொன்னார்.
ஐயன் சட்டைப் பித்தானைப் போட்டு முடிக்கும்வரை
(நாலு பித்தானுக்கு ஏழு நிமிசம்)
காத்திருந்துவிட்டு
என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:
"இனி வண்டி வேண்டாமுங்க."
ஐயன் சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தை
ட்ரான்ஸ்பார்மரைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தொரு வருசம் வயர்மேன்.
சென்னிமலைக்குள் கரண்டு போனால்
ஆபீசுக்குப் போன் பண்ணாமல்
"சென்னியப்பண்ணன் எங்கீங்க" என்று
எங்கள் வாசலுக்கு வருவார்கள்.
அந்தக் கையில்தான் இப்போது
டம்ளரை முக்காலுக்கு மேல் நிறைக்கக் கூடாது.

அண்ணன் போன் பண்ணினான்.
"வித்துப்போடு. எக்ஸெல்லுக்கு இப்ப நல்ல வெலை."
ஓசூரிலிருந்து பார்த்தால் அது வண்டி.

நானும் தள்ளிப்போட்டுக்கொண்டேதான் இருந்தேன்.
தக்காளி விற்கிற மயிலாத்தாக்கா
சில்லறை கொடுக்கிற சாக்கில் கையைப் பிடித்துக்கொண்டாள்.
"முக்குல திரும்பையில வண்டியில வந்து இடிச்சுட்டாரு.
ரெண்டு பொட்டித் தக்காளி ரோட்டுல.
எரநூறு குடுத்துப்போட்டு
ஊட்டுல சொல்லாத ஆத்தான்னாரு.
பின்னால பஸ்ஸு வந்துட்டிருந்துது கண்ணு.
சொல்லாம எப்படி இருக்கறது?"

அன்று ராத்திரி சாவியை எடுத்துப்
புளிச் சாடிக்குள் அமுக்கினேன்.

பொய்கள் தயாராக இருந்தன.
அண்ணன் கொண்டுபோய்விட்டான்,
பூட்டு ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறது,
எங்கேயோ விழுந்துவிட்டது, தேடுகிறேன்.
ஒன்றும் செலவாகவில்லை.
அவர் கேட்கவே இல்லை.

கடைக்கு நடந்தார்.
நிலவுப்படி வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.
பயிற்சிக்கு வருகிற பையன் சொன்னபடி
சாக்பீசில் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.
கோட்டைத் தாண்டு என்றால் கால் வருகிறது,
வெளியே போ என்றால் வருவதில்லை.
மழை பெய்தால் மறுபடி போட வேணும்.

ஆறாவது வாரம்
ரசத்துக்குப் புளி எடுக்கக் கையை விட்டால்
சாவி இல்லை.
அடுப்பை அணைத்தேனா தெரியாது.
பஸ்ஸு, முக்கு, தக்காளி என்று
தலைக்குள் ஓட, வாசலுக்கு ஓடினேன்.
வண்டி உறையோடு நின்றிருந்தது.
பக்கத்தில் முக்காலி போட்டு ஐயன்
பேப்பரை மடியில் வைத்திருந்தார், தலைகீழாக.

"அரிசி டின்னுல இருக்குது பாரு" என்றார்.
"புளிக்குள்ள வெச்சா துரு ஏறிப்போகாதா?"

அரிசியைக் கிளறினேன்.
தேங்காயெண்ணெய் தடவி
மாத்திரை அட்டையின் காகிதத்தில் சுற்றிக் கிடந்தது.
அந்தக் கையோடு இதைச் சுற்ற
எத்தனை நேரம் ஆகியிருக்கும்?
எத்தனை நாளாக அது அரிசியில் இருந்தது?
நான் தினமும் அளந்த அரிசி.

அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார்.
"வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி உடோணும்.
இல்லாட்டி பேட்டரி எறங்கிரும்."

ஞாயிற்றுக்கிழமை
ஸ்டாண்டு போட்டபடியே நான் உதைக்க வேண்டியிருந்தது,
நாலாவது உதைக்குப் பிடித்தது.
ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார்.
பின்சக்கரம் காற்றில் சுற்றியது.
எதிர்வீட்டுப் பையன் சைக்கிளை நிறுத்திப் பார்த்தான்.
வண்டி நடுங்கியது, கண்ணாடி நடுங்கியது,
அவர் கையும் நடுங்கியது,
யாருடைய நடுக்கம் எது என்று
எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பத்து மணி அலாரம் அடித்தது.
இஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.
ஒரு நிமிசம்
எனக்கும் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.