இரண்டு டிகிரி

குளிரறையின் மோட்டார் நின்றதும் விழித்துக்கொண்டேன்.
ஓடும்வரை காதில் விழாத சத்தம் அது.
மணி மூன்று. பகலா இரவா என்று கேட்காதீர்கள்,
டிஸ்கோ தீவில் நவம்பரில் போன சூரியன்
ஜனவரியில்தான் தலைகாட்டும்.

தெர்மாமீட்டரில் நான்கு. பிறகு ஐந்து.
எண்ணெய் அடுப்பு மட்டும்
விசுவாசமாக எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு குடுவை.
ஒன்றில், எங்கள் பனிக்கட்டியைத் துளைத்து நான் மொண்ட நீர்.
மற்றதில், இத்தாலியிலிருந்து ஓம்ப்ரெத்தா
மூன்று விமானம் மாறி
மடியில் வைத்துக் கொண்டுவந்த தென்துருவத்து நீர்.
இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத குடிகள்:
உடம்பே ஒற்றை உயிரணு,
மயிர்க்கற்றைகளே கால்கள்,
கண்ணாடித் தரையில் நண்டின் அவசரம்.

ஆறு டிகிரி.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு, உறைந்துபோகும்.
கட்டடத்துக்குள் பதினெட்டு, துவண்டுபோகும்.
இந்நேரத்தில் இந்த ஊரில்
இரண்டு டிகிரி யார் வீட்டில் கிடைக்கும்?

என் வீட்டில்தான்.
பூட்ஸ் கழற்றும் முன்னறையில்,
ஊயூத் சீல் இறைச்சியை மெல்ல இளகவிடும் மூலையில்.

என் மகளை அங்கியின் முதுகுப்பையில் சுமந்து
இதே பனியில் நடந்திருக்கிறேன்.
அவள் மூச்சு என் பிடரியைச் சுடும்.
இவற்றை அப்படிச் சுமக்க வழியில்லை,
நெஞ்சோடு அணைத்தால் செத்துப்போகும்.
தோலில் சுற்றி, கையை முன்னே நீட்டி
அண்டை வீட்டுப் பிள்ளையைத் தூக்கிப்போகிறவள்போல்
இருநூறு அடி நடந்தேன்.

வந்து அவிழ்த்தால்
ஈரத்தில் மை கரைந்து
இரண்டு லேபிளிலும் ஒரே நீலக் கறை.

எது தெற்கு? எது வடக்கு?

"இதற்காகவா எழுந்தாய்?" என்றான் ஊயூத்.
என்றாலும் நுண்ணோக்கியைச் சறுக்குவண்டியில் போட்டு
அவன்தான் இழுத்து வந்தான்.

ஒவ்வொன்றும் தன் நீரில்
ஒரு சிறு புரதத்தை விட்டபடியே இருக்கிறது.
மூன்று சுருள், நான்கு கந்தகப் பிணைப்பு,
குளிரில் விறைத்துவிடாதபடி
அங்கங்கே கொஞ்சம் தளர்ச்சி.
பெயர் என்று நான் சொல்வது அதைத்தான்.
சொன்ன பெயர் சொன்னதிடமே திரும்பி வந்து
மேனியில் ஒட்டும்.
ஒட்டினால் வளரும், இரண்டாகப் பிரியும்,
தன் குரலே தனக்குச் சோறு.

வேறொன்றின் பெயர் வந்து அதே வாசலில் ஒட்டினால்
சோறு மறந்துபோகும்.
பிரிவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும்.

நானும்தான் குளிர்காலம் முழுக்க
குடுவை கழுவியபடி எனக்கு நானே பேசிக்கொள்கிறேன்.
வளர்ந்தேனா என்று ஊயூத்தைத்தான் கேட்கவேண்டும்.

இதில் ஒரு சொட்டு, அதில் ஒரு சொட்டு.
ஒரே கண்ணாடிக் குழியில்.
டார்ச்சை அவன் பிடித்தான்,
வெளிச்சம் சுடாதபடி நான் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன்.
முதல் அரைமணி ஒன்றுமில்லை.
அவன் காபி போட்டான்.
நான் மூச்சைப் பக்கவாட்டில் விட்டேன்.

ஒரு மணி நாற்பது நிமிடத்தில்
ஒன்று இன்னொன்றின் அருகே நின்றது.
பக்கத்தோடு பக்கம் பொருந்தியது.
பிறகு எண்ணினேன், ஏழு ஜோடி, ஒன்பது,
எண்ணிக்கை தவறிவிட்டது.

நடுவில் ஒரு பூமியே கிடக்கிறது இவற்றுக்கு,
அத்தனை வெதுவெதுப்பான கடல்களும்.
எந்தப் பாட்டி எந்தப் பாட்டியைப் பிரிந்தாளோ,
பேச்சு மட்டும் இன்னும் புரிகிறது.

ஆனால் எது தெற்கு என்று அவை சொல்லவில்லை.
அவற்றுக்குத் தெரிந்தது ஒரே செய்தி:
நீ நான் இல்லை.
அதைக் கேட்டதும் நெருங்கிவிடுகின்றன.

காலையில் (அதையும் காலை என்றே வைத்துக்கொள்வோம்)
ஓம்ப்ரெத்தாவுக்கு எழுதினேன்:
"இரண்டும் உயிரோடு. எது எதுவென்று தெரியாது.
மன்னித்துவிடு. பானிங்குவாக்."

பதில் வருவதற்குள்
இறைச்சி இளகிவிட்டது.
குடுவைகளை நகர்த்தாமல்
நடுவிலிருந்து எடுத்து வெட்டினான் ஊயூத்.